சசிக்குமாரின் இரண்டு இரத்த வகைகள்

போன மாதம் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, இரத்தம் சோதிக்கக் கொடுக்க, நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த ஆய்வுகூடத்துக்கு நோயாளியாகப் போனேன். வரிசையில் நின்ற என்னை நிரோஷா கண்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு பயிற்சிக்கு வந்த பிள்ளை. இப்போது இரத்தவியல் பகுதி அவள் பொறுப்பில் இருக்கிறது. கொழும்பிலிருந்து அன்று காலை வந்திருந்த ஒரு ரிப்போர்ட்டைக் காட்டினாள். தலசீமியா உள்ள குழந்தை ஒன்றின் மரபணுவில் எந்த இடத்தில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பது ஒரே வரியில் அச்சாகியிருந்தது.

"இது இல்லாம நீங்கள்லாம் எப்பிடி மிஸ் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள்.

கண்ணாலும் காலாலும் என்றேன். கண் புரிந்தது, கால் புரியவில்லை. ஆய்வுகூடம் வெளியிடும் ஆண்டு மலருக்கு அதையே எழுதித் தரும்படி கேட்டாள். எழுத உட்கார்ந்தபோது நாங்கள் நன்றாகச் செய்த காரியங்கள் பல நினைவுக்கு வந்தன. ஆனால் நிரோஷாவும் அவளோடு இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது நான் பிழையாகச் செய்த ஒன்று. அதனால் அதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்தார். அங்கே விதை போடுவதில்லை. நல்ல தாய்ச் செடியில் தண்டை வெட்டி, ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரிச் செடிகளை எடுப்பார்கள். ஒரு வருடம் ஒரு செடியில் ஒரு கிளை மட்டும் பாதி வெள்ளை, பாதி பச்சையாக இலை விட்டது. கணக்கப்பிள்ளை அதை வெட்டி எறியச் சொன்னார். அப்பா வெட்டினார், எறியவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர டின்னில் ஊன்றி வைத்தார். வெள்ளைப் பாகம் உணவு செய்யாது என்பதால் அது மெதுவாகத்தான் வளர்ந்தது. மூன்று வருடம் இருந்து பட்டுப்போனது. உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தபோதுதான் அந்தக் கிளைக்கு நேர்ந்ததன் பெயர் தெரிந்தது: விகாரம். பிறகு கொழும்பில் இரண்டு வருடப் பயிற்சி, பதுளை மாவட்டத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நியமனம். அதன் பெயர் இங்கே தேவையில்லை.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஹேரத் சேர். பிரதான தொழில்நுட்பவியலாளர். ஒல்லியான மனிதர், சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருப்பார். சிங்களவர், தமிழைச் சந்தையிலும் வார்ட்டிலும் பேசிப் பேசிப் பிடித்துக்கொண்டவர். ரிப்போர்ட்டை முதலில் பென்சிலால் எழுதுவார். அரை மணி நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து, குழாயை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவால் எழுதுவார். நாங்கள் கையெழுத்துக்குக் கொண்டுபோகும் எந்தத் தாளையும் உடனே வாங்க மாட்டார். "புவனா, ஆள் பாத்ததா? டியூப் பாத்ததா?" என்பார். ஆளைப் பார்த்தேன் என்றால் அவர் எப்படி இருந்தார் என்று கேட்பார். வெளிறியிருந்தாரா, மூச்சு வாங்கியதா, நடந்து வந்தாரா, யாராவது தாங்கி வந்தார்களா. சொல்லத் தெரியாவிட்டால் தாள் திரும்பி நம் கைக்கு வரும். எரிச்சலாக இருக்கும். பக்கத்து ஆய்வுகூடங்களில் இப்படிக் கேள்வி இல்லை.

தலசீமியா பற்றி எனக்குச் சொல்லித் தந்தது அவர்தான். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைக் கட்டுவதற்கான உத்தரவு நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. ஒரு பிரதியில் மட்டும் எழுத்து மாறியிருந்தால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது. கொழுந்து பறிப்பார், பந்து விளையாடுவார், பேரப்பிள்ளை காண்பார். அணுக்கள் மட்டும் சற்றுச் சிறியவையாக, வெளிறியவையாக இருக்கும். அவரைக் காவி என்போம். இரண்டு பிரதியும் மாறியிருந்தால் பிள்ளை பிறந்து சில மாதங்களில் வெளுக்கத் தொடங்கும். மாதாமாதம் பிறருடைய இரத்தம் ஏற்றினால்தான் உயிர் தங்கும். காவிகள் இருவர் கல்யாணம் செய்தால் அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அந்த ஆபத்து உண்டு.

இவ்வளவு கெடுதல் செய்யும் மாற்றம் ஏன் அழிந்துபோகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். மலேரியா என்றார். காவிகளின் அணுக்களில் அந்தக் கிருமிக்குச் சரியாகப் பிழைக்கத் தெரியாது. காய்ச்சலில் ஊரே விழுந்த காலத்தில் காவிகள் கூடுதலாகத் தப்பினார்கள். மாற்றமும் அவர்களோடு தப்பியது. அவருடைய அப்பா மொனராகலைப் பக்கம். காய்ச்சலால் வெறிச்சோடிப்போன வீடுகளைப் பார்த்தவர். "இந்த மாத்தம் இல்லாட்டி நானும் இல்லையா தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சோதனைக்குக் குத்திய தன் விரலைக் காட்டினார். அவரும் காவி.

வெளியே மக்களிடம் பேசும்போது என்ன சொல் சொல்வது என்று என்னைத்தான் கேட்டார். விகாரம் என்ற பாடப்புத்தகத்துச் சொல்லைச் சொன்னேன். அதற்கு வேறு என்ன அர்த்தம் என்றார். அசிங்கம், அவலட்சணம் என்றும் அர்த்தம் வரும் என்றேன். "அப்ப வேணாம்" என்றார். அன்றிலிருந்து மாற்றம் என்றே சொன்னோம்.

இயந்திரம் வருவதற்கு முன்பு காவிகளைக் கண்டுபிடிக்கும் முதற்படி ஓர் எளிய சோதனை. உப்பு குறைந்த நீரை ஒரு சின்னக் குழாயில் எடுத்து, ஒரு துளி இரத்தம் விட்டு, அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். சாதாரண அணுக்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். நீர் தெளிந்த சிவப்பாகும். காவியின் அணுக்கள் வெடிக்காமல் தாங்கும். நீர் கலங்கியே இருக்கும். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாளைப் பிடித்தால், தெளிந்த நீருக்கு அப்பால் கோடு தெரியும், கலங்கிய நீருக்கு அப்பால் தெரியாது. ஹேரத் சேர் யன்னலோரம் நின்று, வெயிலை முதுகுப் பக்கம் விட்டுப் பார்ப்பார். தான் கண்டதைச் சொல்லாமல் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். இருவர் சொன்னதும் ஒன்றானால்தான் எழுதுவார். பிறகு அணுக்களை எண்ணும் இயந்திரமும் ஹீமோகுளோபினைப் பிரித்துக் காட்டும் இயந்திரமும் வந்தன. யன்னலுக்கு வேலை குறைந்தது. தோட்டங்களுக்குப் போய் இரத்தம் எடுக்கும் வேலை கூடியது. எங்கள் ஆட்களிடம் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் வழக்கம். ஒரு குடும்பத்தில் ஒரு மாற்றம் இருந்தால் அது முறைக்காரர்கள் இருவரிடமும் இருக்க இடமுண்டு. முறைக் கல்யாணம் வேண்டாம் என்று ஹேரத் சேர் ஒருநாளும் சொன்னதில்லை. பேசி முடிப்பதற்கு முன்பு இரத்தத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொல்வார்.

அப்படி ஒரு முகாம் என் ஊருக்குக் கிட்டே இருந்த ஒரு தோட்டத்தில் நடந்தது. முதல்நாள் காலை பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், பிரசவம் பார்க்கும் தோட்டத்து மருத்துவமாது அறிவித்திருந்தார்: கல்யாணம் பேசியிருக்கும் வீடுகளில் இருந்து நாளைக்குப் பிள்ளை மடுவத்துக்கு வாருங்கள், இரத்தம் பார்ப்பார்கள், இரத்த வகை எழுதிய அட்டையும் தருவார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறைதான் பிள்ளை மடுவம். தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசை போட்டோம். ஹேரத் சேர் அன்று வரவில்லை. புதிய இயந்திரத்தைப் பொருத்த ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வந்திருந்ததால் நான் பொறுப்பு.

இரத்தம் எடுக்கும்போது ஆளிடம் பெயரைச் சொல்லி அது நீங்கள்தானா என்று கேட்கக்கூடாது. உங்கள் பெயர் என்ன என்று கேட்க வேண்டும். அவர் வாயிலிருந்து பெயர் வர வேண்டும்; பிறகு அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும்; பிறகு அவர் முன்னாலேயே குழாயில் எழுத வேண்டும். பயிற்சியின் முதல் வாரத்தில் சொல்லித் தருவது இது. அன்று அறுபது பேருக்கு மேல் நின்றார்கள், மழை வேறு. மருத்துவமாதின் பட்டியல் லயம், வீட்டு இலக்க வரிசையில் இருந்தது. நான் இலக்கத்தைக் கூப்பிட்டேன், வந்தவரிடம் பெயரை நானே சொன்னேன்.

"அஞ்சாம் லயம், மூணாம் காம்பிரா. சசிக்குமார்தானே?"

"ஆமாங்க மிஸ்."

இடது கை. நல்ல நரம்பு, ஒரே குத்தில் வந்தது. ஊதா மூடிக் குழாயில் பெயரை எழுதினேன். முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை.

அதே முகாமில் சசிக்குமாருக்குப் பேசியிருந்த பெண்ணும் வந்து கொடுத்தாள். கலைமகள், அவனுடைய தாய்மாமன் மகள். அதே தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் இருந்தாள், லுணுகலையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். அவளுடைய அணுக்கள் சிறியவை. ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்ததில் காவி என்று உறுதியானது. சசிக்குமார் என்று எழுதியிருந்த குழாயில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வீட்டாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான்தான் எடுத்துச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றம் இருந்தால் பிள்ளைக்கு அந்த நோய் வராது, தாராளமாகக் கல்யாணம் செய்யலாம் என்றேன். மாப்பிள்ளையின் அம்மா பார்வதி என் கையைப் பிடித்துக்கொண்டார். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்த கல்யாணத்துக்குப் போனேன், சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் கலைமகள் ஐந்து மாதக் கர்ப்பிணியாக எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். அவளுடைய இரத்த வகை நெகட்டிவ். தாய் நெகட்டிவ் என்றால் கணவனின் வகையைப் பார்ப்பது முறை. முகாமில் கொடுத்த அட்டையைக் காட்டினார்கள், ஓ பொசிட்டிவ் என்றிருந்தது. அட்டையை நம்பி எழுதாமல் புதிதாகப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். அதனால் சசிக்குமாரின் இரத்தம் ஆய்வுகூடத்துக்கு வந்தது.

வகை பார்ப்பதில் மர்மம் எதுவும் இல்லை. வெள்ளை ஓட்டில் மூன்று இடத்தில் இரத்தத் துளி, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்துத் துளி, குச்சியால் கலக்கி ஓட்டை மெல்லச் சாய்க்க வேண்டும். எந்த இடத்தில் இரத்தம் திரிந்த பால் போலத் திரள்கிறதோ அதுதான் வகை. பிக்கான நடு இடத்திலும் பொசிட்டிவ் காட்டும் கடைசி இடத்திலும் திரண்டது. பி பொசிட்டிவ். மறுபடி செய்தேன். பி. முகாம் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் ஓ.

ஒருவருடைய இரத்த வகை பிறந்ததிலிருந்து சாகும்வரை மாறாது. அப்படியானால் இரண்டு குழாயில் ஒன்று அவனுடையது இல்லை. இன்றைய குழாயில்தான் பிழை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதே குழாயை இயந்திரத்தில் வைத்தேன். அணுவின் பருமன் எண்பதுக்கு மேல் இருக்க வேண்டியது, அறுபத்து மூன்று என்று வந்தது.

வெளியே நீள வாங்குப்பலகையில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பெயரைக் கேட்டேன். முழுப்பெயரும் அப்பா பெயரும் சொன்னான். அடையாள அட்டையைக் காட்டினான். பிள்ளை மடுவத்தில் இரத்தம் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா என்றேன்.

"நான் எங்கங்க மிஸ் குடுத்தேன்? நான் அப்ப வெலிமடையில லொறிக்கு லீக்ஸ் ஏத்திக்கிட்டு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமதான் வீட்டுக்கு வருவேன். தம்பிதான் வந்து குடுத்தான்." அவன் முகத்தில் மறைக்கிற சாயல் எதுவும் இல்லை. "வீட்டுக்கு ஒருத்தரு வரச் சொன்னீங்கன்னு அம்மா சொன்னுச்சே."

அவனிடமிருந்து மறுபடி இரத்தம் எடுத்தேன். பி. அறுபத்து மூன்று. ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்ததிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. சசிக்குமார் காவி, கலைமகள் காவி, வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. கல்யாண நாளில் மணவறையில் இருந்தவனை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். அவனுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற தம்பியையும் பார்த்திருக்கிறேன். நான் ஊசி போட்ட கை எவனுடையது என்று அன்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஹேரத் சேரிடம் போனேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எழுந்து கை கழுவினார், துடைத்தார். அவர்களிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்குள் ஒரு வாதம் தயாராக இருந்தது. ஐந்து மாதம் ஆகிவிட்டது. இப்போது தெரிந்தாலும் நம் நாட்டுச் சட்டப்படி கர்ப்பத்தைக் கலைக்க இடமில்லை. நாலில் மூன்று பங்கு பிள்ளைக்கு நோய் இருக்காது. சொன்னால் மிச்ச நாலு மாதமும் அந்தப் பெண் பயந்துகொண்டே இருப்பாள். பிறந்த பிறகு பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றேன். அந்த வாதத்தில் பாதி அவளுக்காக, பாதி எனக்காக. அது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"புவனா, பிள்ளை அவங்கட. பயமும் அவங்கட. நாங்க எடுத்து வெச்சிக்க ஏலாது" என்றார்.

அவர்களை அன்று வீட்டுக்கு அனுப்பினோம். ஒரு சோதனை முடிவைப் பற்றிப் பேச வேண்டும், மறுநாள் நாங்களே வருகிறோம், எல்லோரும் வீட்டில் இருங்கள் என்று சொன்னோம். மறுநாள் இருவரும் லுணுகலை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தோம்.

காம்பிராவில் இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள். சசிக்குமார், கலைமகள், பார்வதி, கீழ்ப்பிரிவிலிருந்து வந்திருந்த கலைமகளின் அம்மா செல்லம்மா. வாசல்படியில் தம்பி தினேஷ், பத்தொன்பது வயது. ஹேரத் சேர் உட்காரவில்லை. நின்றபடியே, "மொதல்ல ஒண்ணு சொல்லணும். பிழை எங்கட. இந்த வீட்டுக்காரர் பிழை இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பெயரை நானே சொல்லிக் கேட்டதையும் சொன்னேன்.

முதலில் பேசியது பார்வதி. "பூச்சி மருந்து குடுத்தாலும் வீட்டுக்கு ஒருத்தருதானேங்க போறது. மாவு குடுத்தாலும் அப்பிடித்தான். பேரக் கூப்புடுவாங்க, யாரு வீட்டுல இருக்காங்களோ அவுங்க வாங்கிட்டு வர்றது. பெரியவன் ஊர்ல இல்ல, சின்னவன அனுப்புனேன். ரெண்டும் நான் பெத்ததுதானே. அவனுக்கு ஒரு ரத்தம் இவனுக்கு ஒரு ரத்தமா ஓடும்?"

அப்படித்தான் ஓடும் என்று விளக்கினேன். ஒரே அம்மா அப்பாவுக்குப் பிறந்தாலும் இரண்டு பிரதியில் எது வரும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. பெரியவனுக்கு மாறிய பிரதி வந்தது, சின்னவனுக்கு மாறாதது வந்தது. இதை முகாம் அன்று நான் அந்த மடுவத்தில் சொல்லியிருக்க வேண்டும். தோட்டத்தில் எதுவும் வீட்டுக்கணக்கில்தான் வருகிறது என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வெளியாளான ஹேரத் சேர் வந்து முகாமை நடத்தி இதை விட்டிருந்தால்கூட மன்னிக்கலாம்.

செல்லம்மா அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ரத்தம் குடுத்தவனுக்கே பொண்ணக் குடுத்திருக்கலாம் மதினி" என்றார். குரலை உயர்த்தவில்லை. பார்வதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தினேஷ் படியிலிருந்து எழுந்து வெளியே போனான். அன்று நாங்கள் புறப்படும்வரை அவன் திரும்பி வரவில்லை.

நாலு பிள்ளை பெற்றால் ஒன்றுக்கு வரும் என்றால், முதற்பிள்ளைதான் அந்த ஒன்றாக இருக்க வேண்டுமா என்று சசிக்குமார் கேட்டான். பலரும் கேட்கும் கேள்வி. ஹேரத் சேர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் போத்தலை எடுத்தார். உள்ளே இரண்டு வெள்ளைப் பொத்தான், இரண்டு கறுப்புப் பொத்தான். கறுப்பு என்றால் மாறிய பிரதி. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் அவன் கையில் கொடுத்தார். மற்ற இரண்டையும் கலைமகளிடம் நீட்டினார், அவள் வாங்கவில்லை, நான் வாங்கிக்கொண்டேன். கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுத்துப் பாயில் வைக்க வேண்டும். முதல் தடவை வெள்ளையும் கறுப்பும் வந்தன. பொத்தான்களை மறுபடி எடுத்துக்கொண்டோம். இரண்டாம் தடவை இரண்டும் கறுப்பு. மூன்றாம் தடவையும் இரண்டும் கறுப்பு.

"போதும், எடுத்து வைங்க அத" என்றார் பார்வதி.

ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் எடுக்கிறோம், போன தடவை வந்தது இந்தத் தடவைக்குத் தெரியாது என்று ஹேரத் சேர் மெதுவாகச் சொல்லிப் பொத்தான்களைப் போத்தலில் போட்டார்.

கலைமகள் அப்போதுதான் வாய் திறந்தாள். "புள்ளைக்கு இருக்கா இல்லையான்னு எப்பத் தெரியும்?"

பிறந்தவுடன் பிள்ளையின் உடலில் வேறு வகை ஹீமோகுளோபின் இருக்கும், அது போன பிறகுதான் வித்தியாசம் தெரியும், ஏழெட்டு மாதத்தில் உறுதியாகச் சொல்லலாம் என்றேன். வயிற்றில் இருக்கும்போதே பார்க்கவும் வழி இருக்கிறது என்றும் சொன்னேன்.

"பாத்துட்டு என்ன செய்வீங்க?"

ஒன்றும் செய்ய முடியாது என்றேன்.

"அப்ப வேணாம். பொறந்ததுக்கு அப்புறம் பாருங்க." அம்மாவையும் மாமியாரையும் பார்த்தாள். "அதுவரைக்கும் இந்த வீட்டுல யாரும் எங்கிட்ட இதப் பத்திப் பேசக் கூடாது. அழுவுறதுன்னா வெளிய போய் அழுவுங்க."

தேநீர் வந்தது. குடித்துவிட்டுப் புறப்பட்டோம். பஸ்ஸில் ஹேரத் சேர் என்னைக் குறை சொல்லுவார் என்று காத்திருந்தேன். முகாம் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் போய் ஆளைப் பார்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை தொடங்கலாம் என்று மட்டும் சொன்னார். தொடங்கினோம். வேறு இரண்டு வீட்டிலும் ஒருவருக்காக இன்னொருவர் கொடுத்திருந்தார்கள். நல்ல காலம், அங்கே யாரும் காவி இல்லை. நடந்ததை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். நான் கையெழுத்துப் போட்ட இடத்துக்குக் கீழே, அன்று முகாமுக்கு வராத தன் கையெழுத்தையும் போட்டார்.

கலைமகளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நல்ல நிறை, நல்ல அழுகை. தனுஷிகா என்று பெயர் வைத்தார்கள். கிளினிக்குக்குக் கொண்டுவரும் போதெல்லாம் நான் கீழே இறங்கிப் போய்ப் பிள்ளையின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பேன். மூன்றாம் மாதம் சிவப்பாக இருந்தது. ஐந்தாம் மாதம் சிவப்பு என்று சொல்லலாம் போல இருந்தது. ஏழாம் மாதம் மற்ற இமையையும் இழுத்துப் பார்த்தேன். எட்டாம் மாதம் பால் குடிக்கும்போது மூச்சு இளைக்கிறது என்று அவளே சொன்னாள். இரத்தம் எடுத்தோம்.

அந்தச் சோதனையை நான் செய்ய வேண்டியதில்லை என்றார் ஹேரத் சேர். நானே செய்கிறேன் என்றேன். இயந்திரம் கோடு வரைந்து முடிக்க ஏழு நிமிடம் பிடிக்கும். பெரியவர்களுக்கு உரிய ஹீமோகுளோபின் வர வேண்டிய இடத்தில் கோடு தரையோடு தரையாகப் போனது. ஹேரத் சேர் பென்சிலால் எழுதினார். வேறு வேலைக்குப் போகாமல் அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

கீழே போய் நான்தான் சொன்னேன். சசிக்குமார் சுவரில் சாய்ந்தான். கலைமகள் பிள்ளையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எந்தக் கிழம வரணும்?" என்று கேட்டாள்.

செவ்வாய் என்றேன். அந்தச் செவ்வாய் வந்தார்கள். அதற்குப் பிறகு மாதம் ஒரு செவ்வாய். லுணுகலை ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடாத நாளில்கூட, சரிவைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்து வந்து வேறு வாகனம் பிடித்து வந்தார்கள். ஏற்றும் இரத்தத்தில் உள்ள இரும்பு உடலில் சேர்ந்துவிடும், அதை இறக்கவும் மருந்து வேண்டும், அதையும் விடாமல் கொடுத்தார்கள். இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளையின் இரத்தத்தையும் ஏற்றப்போகும் இரத்தத்தையும் பொருத்திப் பார்ப்பது என் மேசை வேலை. என்னை அந்தக் குடும்பத்தில் யாரும் திட்டியதில்லை. பார்வதி மட்டும் அதற்குப் பிறகு என் கையைப் பிடித்ததில்லை.

நான் ஓய்வு பெற்ற வருடம் தனுஷிகாவுக்குப் பதினொரு வயது. ஒரு செவ்வாய் கட்டில் காலியாகவில்லை என்று மாடிக்கு ஏறி வந்தாள். என் மேசையில் அன்று காலை எடுத்த அவளுடைய இரத்தம் கண்ணாடித் தகட்டில் சாயம் பூசிக் காய்ந்திருந்தது. அது யாருடையது என்று கேட்டாள். உன்னுடையது என்றேன். பார்க்க வேண்டும் என்றாள். ஸ்டூலை உயர்த்தி, நுணுக்குக்காட்டியைச் சரிசெய்து கொடுத்தேன். முதலில் தன் கண் இமையின் மயிர்தான் தெரிகிறது என்றாள்.

"இதுல எது மிஸ் என்னோடது?"

பெரிதாக, வட்டமாக, நல்ல நிறத்தில் இருப்பவை போன மாதம் ஏற்றியவை என்றேன். சின்னதாக, வெளிறி, நடுவில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி இருப்பவை உன்னுடையவை என்றேன்.

"மத்ததெல்லாம் யாரோடது?"

"தெரியாது. யாரோ குடுத்தவங்க."

கட்டில் கிடைத்துவிட்டது என்று கீழேயிருந்து கலைமகள் கூப்பிட்டாள். ஏற்றி முடிந்த பிறகு இன்னொரு தடவை பார்க்கலாமா என்று தனுஷிகா கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். ஏற்றிய பிறகு சாதாரணமாக நாங்கள் இரத்தம் எடுப்பதில்லை. அன்று பின்னேரம் விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் புதிதாகத் தகடு செய்தேன். அவள் பார்த்தாள். தகட்டை எப்படி நகர்த்துவது என்று அதற்குள் அவளாகவே கண்டுபிடித்திருந்தாள்.

"இப்ப எல்லாம் அவங்களோடதுதான் இருக்கு. என்னோடதக் காணோம்."

குறைந்திருக்கும், தேட வேண்டும் என்றேன். கலைமகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைசி பஸ் போய்விடும் என்று வாசலில் நின்றாள். தனுஷிகா கண்ணை எடுக்கவில்லை. ஊசி குத்திய கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. மற்றக் கையால் தகட்டை மேலும் கீழுமாக, ஒரு வரிசையும் விடாமல் நகர்த்திக்கொண்டே போனாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

"அம்மா, இங்க வாங்க" என்றாள். "இந்தா ஒண்ணு இருக்கு."